உளுவைக்குப் பிடித்த தண்ணீர்

காலையில் பல் துலக்குமுன் மீனைப் பார்த்துவிட வேண்டும். எண்ணூரில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். சற்குணம் பார்த்தான். தொட்டியின் சேற்றுமேட்டில் உளுவை சாய்ந்து கிடந்தது. துருத்திய கண்கள் அசையவில்லை. தோலில் வெள்ளைத் திட்டுகள்.

"பொற்கொடி, இங்க வா. மெதுவா வா."

ஏழு மாத வயிற்றோடு வந்த மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்குத்தான் வாரியத்து ஆளுங்க வராங்க."

கடல் புகுந்து ஊர்த் தண்ணீரெல்லாம் உவர்த்துப்போனதும் நீர்த்தகுதி வாரியம் ஆழ்ந்து யோசித்தது. தண்ணீரைத் திருத்துவது கடினம். அதற்குச் சான்று தருபவரை மாற்றுவது எளிது. உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகச் சேற்றில் துடுப்பால் நடக்கும் உளுவையை வீட்டுக்கொன்று கொடுத்து, 'உயிர்ச்சான்று' என்று பெயரிட்டது. குழாய்நீரில் அது நலமாக இருந்தால், அந்த நீர் குடிநீர். செத்தால் இணைப்பு துண்டிக்கப்படும். திட்டத்துக்கு விருதுகூடக் கிடைத்தது.

பொற்கொடிக்கு இரத்தக் கொதிப்பு, கால் வீக்கம். உப்பே ஆகாது என்று டாக்டர் சொன்னபின், சற்குணம் குழாயில் திருட்டுத்தனமாக ஓர் உப்பகற்றியைப் பொருத்தியிருந்தான்.

"தொட்டில எந்தத் தண்ணி ஊத்தின?" என்றாள்.

"நல்ல தண்ணிதான். அதுவும் பாவம்னு..."

"ரொம்ப நல்லவன்யா நீ."

துணை ஆணையர் வேதமூர்த்தி இரண்டு உதவியாளர்களோடு வந்தார். மீனுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். குழாய்நீரில் உப்புமானியை நனைத்ததும் அவர் முகம் சுருங்கியது.

"உப்பே இல்லையே. இதுல எப்படிங்க உயிர் வாழும்?"

"வீட்டுக்காரிக்கு பிரஷர் சார். மாசமா இருக்கா."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சான்று சொல்லவேண்டியது அவங்க இல்லையே."

உப்பகற்றி கழன்றது. குழாய்நீர் தொட்டியில் விழுந்தது. அரை மணி நேரம் எல்லோரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உளுவை துடுப்புகளை ஊன்றி எழுந்து, மேட்டில் இரண்டு எட்டு நடந்தது. உதவியாளர்கள் கைதட்டினார்கள். இணைப்பு தப்பிய நிம்மதியில் சற்குணமும் தட்டினான். பொற்கொடி பார்ப்பதைக் கண்டு நிறுத்தினான்.

"குடிநீர்!" என்று அறிவித்த துணை ஆணையர், ஒரு தம்ளர் பிடித்து அவளிடம் நீட்டினார். "குடிங்கம்மா. மறுத்தா இணைப்பை வேற வீட்டுக்கு மாத்திடுவோம்."

பொற்கொடி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கொழந்த பொறந்ததும் அதையும் தொட்டில விட்டுப் பாப்பீங்களா சார்?"

வேதமூர்த்தி சிரிக்கவில்லை. உதவியாளரைப் பார்த்தார்.

"நல்ல யோசனையா இருக்கே," என்றார்.