இருந்தும் இல்லாத கோப்பு

"என் வீட்டுக்காரர் இறந்து இருபது நாள் ஆகுது. இன்னைக்குச் சாயங்காலம் அவர் மேல ஒரு அறிக்கை அனுப்பப் போறாங்க," என்றாள் அந்தப் பெண். பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள்.

நிதானம் நாற்காலியைக் காட்டினார். வீட்டில் வைத்த பெயர் வேறு. கணினிக் கோளாறுகளை விசாரிக்கும் தொழிலில் முப்பது ஆண்டுகளாக ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாததால் ஊர் வைத்த பெயர் இது. கூடவே சுற்றும் மைத்துனர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், நேர் எதிர். எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பவர்.

"என்ன அறிக்கைம்மா?" என்று அவர்தான் முந்தினார்.

அவள் பல் மருத்துவரிடம் உதவியாளர். கணவன் மென்பொருள் எழுதியவன். எட்டுச் சிறிய மருத்துவமனைகளில் ஸ்கேன் படங்களைத் திறந்து காட்டுவது அவன் செய்த மென்பொருள்தான். மூன்று நாளைக்கு முன் புதிய பதிப்பை அனுப்பியதிலிருந்து படம் திறப்பதில்லை. முக்கியமான கோப்பு ஒன்று காணவில்லை என்கிறது கணினி. விடுமுறை தராத கோபத்தில் அவனே அதை அழித்துவிட்டான், பிறகு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான் என்பது அலுவலகத்தின் முடிவு. எட்டு மருத்துவமனைகளுக்கும் போகவிருந்த அறிக்கை அதுதான்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார் நிதானம்.

"எதுவும் நினைக்க வரல சார். அவர் சட்டையெல்லாம் துவைச்சு மடிச்சு வச்சுட்டேன். அதுக்கப்புறம் என்ன செய்யணும்னு தெரியல. அதான் இங்க வந்தேன்."

பதினோரு மணிக்கு மூவரும் இறந்தவனின் அலுவலகத்தில் இருந்தார்கள். பிரிவுத் தலைவர் சவரம் செய்யாத முகத்தோடு வந்தார். அவருக்குப் பின்னால், இறந்தவனோடு ஆறு ஆண்டுகள் ஒரே மேசையில் வேலை பார்த்த பொறியாளர் பெண் நின்றாள். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'இந்த வாரச் சாதனை: பெட்டியின் அளவு பத்தில் ஒன்றானது!' கீழே அந்தப் பொறியாளரின் பெயர்.

"பெட்டின்னா?" என்றார் மைத்துனர்.

"கன்டெய்னர்," என்றார் தலைவர். "மென்பொருளையும் அது ஓடத் தேவையான எல்லாத்தையும் ஒரே கட்டா கட்டி அனுப்புவோம். எந்தக் கணினியில பிரிச்சாலும் ஒரே மாதிரி ஓடணும். இப்ப ஓடல. பாருங்க."

திரையில் ஒரே வரி: படம் வாசிக்கும் நிரலைத் தொடங்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை.

நிதானம் கணினி வழியே பெட்டிக்குள் போய்க் கோப்புப் பட்டியலைக் கேட்டார். அந்தக் கோப்பு அதன் இடத்தில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. அளவு சரி. ஓடும் அனுமதியும் சரி.

"இருக்கே மாமா! அப்புறம் ஏன் இல்லைங்குது?"

"அதைத்தான் யோசிக்கணும் மாப்ளே." அவர் அடுத்து, பெட்டியைக் கட்டும் குறிப்பின் வரலாற்றைத் திறந்தார். கடைசி மாற்றம் இறந்தவன் பெயரில் இருந்தது. எழுதிய தேதி: மூன்று.

"பாத்தீங்களா?" என்றார் தலைவர்.

"பாத்தேன். இதுக்கு இன்னொரு தேதி உண்டு. திரையில தானா வராது, கேக்கணும்." கேட்டார். அந்த மாற்றத்தைப் பெட்டியில் சேர்த்த தேதி: இருபத்து நான்கு. சேர்த்தது எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கணக்கு.

"அவர் எந்தத் தேதியிலம்மா தவறினார்?"

"ஒன்பது," என்றாள் மனைவி.

நிதானம், இறந்தவன் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பழைய கிளையில், அதாவது அவனது தனி நகலில், அதே மாற்றத்தைத் தேடியெடுத்து இரண்டையும் அருகருகே வைத்தார். நிரல் வரிக்கு வரி ஒன்றேதான். ஆனால் மாற்றத்தோடு அவன் எழுதிய விளக்கத்தில் இரண்டு வரிகள், சேர்க்கப்பட்டதில் ஒன்றுதான். காணாமல்போன வரியை அவர் வாசித்தார்: "முயற்சி மட்டும். வாசிப்பு நிரல் இதில் ஓடாது, சேர்க்க வேண்டாம்."

"உக்காருங்க, சொல்றேன்," என்றார். "பெட்டிக்கு அடியில லினக்ஸ்னு ஒரு இயங்குதளம் இருக்கும். முன்னாடி பெரிசு இருந்தது. அதை எடுத்துட்டுச் சின்னதைப் போட்டா பெட்டி இளைக்கும். ஆனா இந்த வாசிப்பு நிரல், பெரிசுல இருக்கிற லைப்ரரிகளை, அதாவது துணை நிரல்களை, நம்பிக் கட்டினது. அதைத் தூக்கி ஓட விடற ஏற்றியும் அங்கதான் இருக்கு. சின்னதுல அது கிடையாது. கணினி ஏற்றியைத் தேடுது, காணோம், 'கோப்பு இல்லை'ங்குது. எந்தக் கோப்புன்னு சொல்லத் தெரியல."

"பஸ் நிக்குது, டிரைவரைக் காணோம். ஆபீஸ்ல கேட்டா பஸ்ஸே இல்லைங்கிறான்!" என்றார் மைத்துனர்.

"அதேதான். ஆக யாரும் எதையும் அழிக்கல. அவர் முயற்சி பண்ணினார், ஓடாதுன்னு கண்டுபிடிச்சார், ஒதுக்கி வச்சார். அவர் போன பதினஞ்சாவது நாள் யாரோ அதை எடுத்து, எச்சரிக்கையை வெட்டிட்டுச் சேத்திருக்காங்க. பெட்டி இளைச்சதுக்கு யாரைப் பாராட்டினீங்களோ, அவங்களைத்தான் கேக்கணும்."

தலைவர் சுவரைப் பார்த்தார். பொறியாளர் தரையைப் பார்த்தாள்.

"எனக்கு ஓடுச்சு," என்றாள் அவள். "முதல் பக்கம் திறந்துச்சு. அந்த எச்சரிக்கை பழசுன்னு நினைச்சேன். படத்தைத் திறந்து பாக்கல. அப்புறம் உடைஞ்சதும் சார் அவர் பேரைப் பாத்துட்டு அவர்தான் அழிச்சார்னு சொன்னார். நான் இல்லைன்னு சொல்லல. அவர் வந்து எதுத்துப் பேசப் போறதில்லையேன்னு..." முடிக்கவில்லை. அடக்கம் செய்த அன்று இதே பெண் தன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மனைவிக்கு நினைவு வந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

நிதானம் பழைய அடித்தளத்தை மறுபடி வைத்துப் பெட்டியைக் கட்டச் சொன்னார். நாற்பது நிமிடம் ஆனது. யாரோ ஒருவருடைய நுரையீரல் சாம்பல் நிறத்தில் திரையில் விரிந்தது.

"அறிக்கையைக் கிழிச்சுடறேன்மா," என்றார் தலைவர். "இதை இத்தோட விட்டுடலாம்."

மனைவி பொறியாளரிடம் திரும்பினாள். "அவர் இனிமேலும் பேசப் போறதில்ல. நீங்கதான் பேசணும். எட்டு இடத்துக்கும்."

பொறியாளர் தொலைபேசியை எடுத்தாள். முதல் மருத்துவமனையில் சொல்லும்போது குரல் உடைந்தது. மூன்றாவதில் அழுதாள். எட்டாவதில், "தப்பு என்னோடது, அவர் வேண்டாம்னுதான் எழுதி வச்சிருந்தார்," என்று தெளிவாகச் சொன்னாள். எட்டையும் மனைவி உட்கார்ந்து கேட்டாள்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. மைத்துனருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு பாட்டம் அழுதுடும்மா. நல்லது."

"வரலண்ணே," என்றாள் அவள். சாலையின் இருபுறமும் பார்த்தாள். "தூக்கம்தான் வருது. அவர் போனதுலேருந்து இன்னைக்குத்தான் வருது."