பூட்டு போட்ட உப்பு

சிடாம் கிரி ஊரில் பிச்சையின் வீடு. திங்கள், காலை 9.10.

பிச்சையின் இரத்த அழுத்தம் நூற்றெழுபத்தெட்டு. நர்ஸ் பேட்ரிசியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன மாதம் நூற்றறுபதுதான். மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. உப்புப் புட்டியோ பத்து நாளாக அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி அவர் மனைவி மருதம்மாளின் இடுப்பில்.

மாதக் கடைசிக்குள் குறையாவிட்டால் தொழிற்சாலை பஸ்ஸை அவர் ஓட்ட முடியாது.

"வேற யாரு மிஸ்ஸி உப்புப் போடுவா? இவதான்," என்றார் பக்கத்து வீட்டிலிருக்கும் பிச்சையின் அக்கா நவமணி. பூட்டு வாங்கி வந்ததே அவர்தான். "தம்பி மூஞ்சி சுளிச்சா மனசு எளகிருவா."

மருதம்மாள் கண் கலங்கினாள். "ஒரு கல்லு போட்டிருந்தாலும் என் கை வெளங்காம போகட்டும்."

பேட்ரிசியா அலமாரியைத் திறக்கச் சொன்னாள். புட்டியில் பேனாவால் போட்ட கோட்டை விட்டு உப்பு இறங்கவே இல்லை. குழம்பு சப்பென்று இருந்தது. கருவாடு இல்லை, சோயா சாஸ் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு.

9.35.

பிச்சை மூன்றாவது கோப்பைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் காவி நிறம்.

"கடையில சாப்பிடுறீங்களா அண்ணே?"

"கடைப் பக்கமே போறதில்லலா."

"பசிச்சா?"

"பழந்தான். நீங்கதான சொன்னீங்க? அக்கா தெனம் ஒரு மங்கு கொய்யா வெட்டித் தருது."

பேட்ரிசியா அவர் விரலை மறுபடி பார்த்தாள். அட, இவ்வளவு நேரம் அதைப் பஸ் துரு என்றல்லவா நினைத்திருந்தாள்!

"நவமணிக்கா, கொய்யாவுக்குத் தொட்டுக்க என்ன?"

"கடையில விக்கிற பழத்தூளு, 'அசாம்போய்'தான். வெறும் கொய்யாவ யாரு தின்பா? இனிப்புதான மிஸ்ஸி அது."

"கொண்டாங்க."

டப்பா வந்தது. பாதி காலி. பேட்ரிசியா ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் சுள்ளென்று உப்பு.

"உப்புல ஊறப்போட்டுக் காயவச்ச பழத்த அரைச்ச தூளுக்கா இது. சீனி முன்னால நிக்குது, அதனால உப்பு யார் கண்ணுக்கும் படல. கொய்யா நல்லதுதான். தூளுதான் எமன். அண்ணனுக்கு உப்புக் கொடுத்தது நீங்க."

நவமணி டப்பாவை எடுத்துப் பார்த்தார். "தம்பி நல்லா இருக்கணும்னுதான..."

"இனி வெறும் கொய்யாதான். அண்ணே, இன்னிக்கே டாக்டரப் பாக்கணும்," என்றாள் பேட்ரிசியா.

நவமணி டப்பாவை மருதம்மாள் பக்கம் நகர்த்தினார். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "இதையும் உள்ள வச்சுப் பூட்டிரு."

மருதம்மாள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்களே பூட்டுங்க அண்ணி."