வேலி பல்ப்

சமையலறை மூலையில் தொங்கிய அந்த பல்ப் எரியக் கூடாது. எரியாமல் இருப்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. மாட்டிய பதினெட்டு நாளில் அது இரண்டு தடவைதான் எரிந்தது, ஒரு தடவை முள்ளம்பன்றிக்காக, இன்னொரு தடவை யார் வீட்டுதோ ஒரு நாய்க்காக. இரண்டும் ராத்திரி. இப்போது பகல் இரண்டே முக்கால் மணி. அடுப்பில் கணவர் வியாகுலத்துக்கான கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மெரினா அகப்பையும் கையுமாகத் திரும்பிப் பார்த்தபோது, பல்புக்குள் இருந்த இழை பீடி நெருப்பு அளவுக்குச் சிவந்திருந்தது.

அணைந்துவிடும் என்று நின்றாள். அணையவில்லை.

காலையில் நல்ல வெயில் அடித்தது. ஒரு மணிக்கு மேல் நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து பனி ஏறத் தொடங்கி, முதலில் கீழ் ரோட்டையும், பிறகு தொழிலாளர் லயத்தையும், கடைசியில் வீட்டுக்குப் பின்னால் சரிந்து கிடக்கும் எட்டாம் நம்பர் தேயிலை மலையையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளையைத் தவிர வேறொன்றுமில்லை. விறகுப் புகையும் கஞ்சி வாசமும் நனைந்த சாக்கின் நாற்றமும் வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றின, கூரைத் தகரத்திலிருந்து சொட்டும் நீரின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், மெல்லிசாக, விடாமல், யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. கம்பிதான் என்று நினைத்தாள். ஈரத்தில் கம்பி இரையும் என்று அழகன் சொல்லியிருந்தான்.

அழகன் வயரிங் வேலை செய்கிறவன். வீட்டைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கம்பி இழுத்து, அதில் கரண்ட் கொடுத்துவிட்டுப் போனவன் அவன்தான். "பல்ப் எரிஞ்சா ஏதோ மாட்டியிருக்குன்னு அர்த்தம்க்கா. கூட எரிஞ்சா கூட மாட்டியிருக்கு. நான்தான் போட்டுக் குடுத்தேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிறாதீங்க" என்றான். குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனான்.

குவைத்தில் பதினோரு வருஷம் அடுத்தவர் வீட்டைத் துடைத்த கைதான் இந்த வீட்டைக் கட்டியது. லயத்தில் பத்துக் குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே முட்டி மோதிக் கிடந்தது போதும், எங்களுக்கென்று தனி வீடு வேண்டும் என்று மெரினா ஒற்றைக்காலில் நின்றாள். தனியாக இருக்கிற வீட்டைத் திருடனுக்கும் பிடிக்கும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

தை மாதம் வந்தார்கள். பட்டப்பகல், மலைக்குப் போன சனம் திரும்பாத நேரம். உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்து, கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்ட இரண்டு பேர். ஒருவன் அவள் முடியைப் பிடித்தான். மற்றவன் கட்டிலில் போய் உட்கார்ந்து வியாகுலத்தின் முகத்தில் தலையணையை வைத்து அமுக்கினான். பக்கவாதம் வந்து வலப்பக்கம் செத்துப்போன மனிதர், இடது கை மட்டும் மெத்தையைப் பிறாண்டியது. மெரினா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் தலையணையை எடுக்க அவன் அவசரப்படவில்லை. போகும்போது, மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

போலீசில் எழுதிக்கொண்டார்கள். "திரும்ப வந்தா நான் என்னா செய்யலாம் சேர்?" என்று கேட்டாள். வீட்டுக்குள் வந்தவனை அடித்தால் பார்த்துக்கொள்ளலாம், வேலிக்கு வெளியே நிற்கிறவனுக்கு ஏதாவது ஆனால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றார் அந்த அதிகாரி. மெரினாவுக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்தது. வீட்டுக்குள் வந்தவனை அடிக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அதன் பிறகுதான் கம்பி வந்தது. லயத்தில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே கேட்டவள் காளியாயி ஒருத்திதான். கொழுந்து எடுக்கிற பெண்களில் மூத்தவள். ஞாயிறு தவறாமல் வந்து, வியாகுலத்தைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைத்துவிட்டுப் போகிறவள்.

"ராவுல போடு, வேணாங்கல. பகல்ல போட்றாத மெரினா. நாங்க போற வார எடம்."

"பகல்ல போட மாட்டேன்க்கா. மாதா மேல சத்தியம்."

சத்தியம் பதின்மூன்று நாள் தாங்கியது. வந்தவர்கள் பகலில்தானே வந்தார்கள்? ராத்திரி முழுக்கக் கம்பிக்குள் படுத்துவிட்டு, விடிந்ததும் திறந்து போட்டுக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை. ஐந்து நாளாகப் பகலிலும் சுவிட்சைப் போட்டாள். காளியாயியிடம் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வரும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று வெள்ளி.

"என்னா புள்ள, சத்தத்தையே காணோம்?" கட்டிலிலிருந்து வியாகுலம் கேட்டார். நோய்க்குப் பிறகு அவர் பேச்சு மெதுவானது. ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைத்து அடுத்ததைத் தேடுவார்.

"ஒண்ணுமில்லங்க. பன்னி கின்னியா இருக்கும்."

"எங்க பன்னி?" தலையைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். "கரண்ட் போட்டுருக்கியா? பகல்லயா?"

அவள் அவர் கட்டிலுக்கு மேலிருந்த ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடி வேர்த்திருந்தது. சேலைத் தலைப்பால் ஒரு உள்ளங்கை அளவு துடைத்து, அதில் முகத்தை வைத்துப் பார்த்தாள். வெள்ளை. கண் பழகப் பழக வெள்ளைக்குள் வேலிக் கட்டைகள் ஒன்று, இரண்டு என்று தெரிந்தன. மூன்றாவது கட்டை மற்றதைவிடப் பருமனாக இருந்தது. அந்தக் கட்டைக்குக் கைகள் இருந்தன.

தலையில் சாக்கு. முகம் இல்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, குனிந்து நுழையப் போகிறவன் தூக்குகிற மாதிரி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த உருவம் நின்றது. நடுங்கியது. கத்தவில்லை.

வந்துவிட்டார்கள். சொன்ன மாதிரியே வந்துவிட்டார்கள்.

"யாரு புள்ள?"

"அவனுங்கதான்." கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "சாக்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான்."

"நிப்பாட்டு. போய் கரண்ட நிப்பாட்டு."

"எதுக்கு? உள்ள வரட்டும்னா? அன்னைக்கு உங்க மூஞ்சில தலகாணிய வச்சு அமுக்குனான். நான் பாத்துக்கிட்டு நின்னேங்க. கை ரெண்டும் இருந்தும் பாத்துக்கிட்டு நின்னேன்."

"மனுச உசுரு புள்ள."

"நீங்களும் மனுசன்தான்."

சமையலறைச் சுவரில் வெளிச்சம் மாறியது. ஜன்னலை விட்டு ஓடிப் போய்ப் பார்த்தாள். பல்பின் சிவப்பு போய் மஞ்சள் வந்திருந்தது. கூட எரிந்தால் கூட மாட்டியிருக்கிறது.

இரண்டாவது ஆள்.

மேசையை இழுத்துக் கதவுக்கு அண்டக் கொடுத்தாள். அதன் மேல் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது, வலி தெரியவில்லை. கத்தியை எடுத்தாள், கீழே வைத்தாள், திரும்ப எடுத்தாள். அந்த இரைச்சல் கூடியிருந்தது. தகரத்தில், சுவரில், பல்லுக்குள் கேட்டது. மாதாவே, மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் ஒரு செபமும் நினைவுக்கு வரவில்லை.

மறுபடி ஜன்னல். இப்போது பனிக்குள் இன்னும் சிலர் இருந்தார்கள். எல்லாருக்கும் தலையில் சாக்கு. ஒருவருக்கும் முகம் இல்லை. மலைச் சரிவிலிருந்து தேயிலைச் செடிகளை இடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள், ஓடி வந்தார்கள், ஒரு சத்தம் இல்லை. இத்தனை பேர் ஓடி வந்தும் ஒரு வார்த்தை இல்லை. முதலில் நின்ற உருவத்தின் இடுப்பை இரண்டாவது உருவம் கட்டிப் பிடித்திருந்தது. இரண்டாவதின் கையை மூன்றாவது பற்றியது.

பல்ப் பளிச்சென்று எரிந்தது. அதன் வெளிச்சம் கட்டில் வரைக்கும் வந்தது.

அவளுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. சுவிட்சை அணைத்தால் அத்தனை பேரும் உள்ளே வருவார்கள். இவரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. விட்டுவிட்டு ஓடவும் முடியாது.

"எத்தன பேரு?" என்றார் வியாகுலம்.

"மூணு. நாலு. ஒருத்தன ஒருத்தன் புடிச்சு இழுக்குறானுங்க."

அவர் இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. எழுந்திருக்கப் பார்த்தார், தலை மட்டும் எழுந்தது.

"இழுக்குறாங்களா?"

"ஆமாங்க."

"திருட வந்தவன்... கூட வந்தவன் மாட்டிக்கிட்டா..." மூச்சு வாங்கினார். "ஓடிருவான் புள்ள. தொட மாட்டான். கூடப் பொறந்ததுதான் தொடும். கூட வேல செய்றதுதான் தொடும்."

மெரினா அவரைப் பார்த்தாள்.

சுவிட்ச் பத்தடி தூரம். போனாள். விரலை வைத்தாள். அழுத்தவில்லை. அவர் சொன்னது தப்பாக இருந்தால்? தலையணை. பிறாண்டிய கை. பல்ப் கண்ணைக் கூசவைத்தது. ஒரு மூச்சு விட்டாள். இன்னொரு மூச்சு. மூன்றாவது மூச்சும் விட்டாள், கடவுளுக்குத் தெரியும், மூன்றாவதும் விட்டாள்.

அழுத்தினாள்.

பல்ப் செத்தது. வீடு சாம்பல் நிறமானது.

இரைச்சல் நிற்கவில்லை.

கரண்ட் இல்லாத கம்பி எப்படி இரையும்? சுவிட்சைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. இரைச்சல் கூரைக்கு மேலே போனது, சுவரைச் சுற்றி வந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஏதோ வந்து மோதியது. டக். பிறகு இன்னொன்று. டக், டக்.

கண்ணாடியின் அந்தப் பக்கம், அவள் துடைத்த உள்ளங்கை அளவு இடத்தில், ஒரு குளவி ஒட்டிக்கொண்டு ஊர்ந்தது.

"கொளவி" என்றார் வியாகுலம். முப்பது வருஷம் மலையில் வேலை செய்தவர், அவருக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "எட்டாம் நம்பர் மலையில கூடு கலைஞ்சிருச்சு. நம்ம பொம்பளைங்க புள்ள. இடுப்புல கட்டுற சாக்குப் படங்க அவுத்துத் தலையில போத்திக்கிட்டு ஓடி வந்துருக்காங்க. வாயத் தொறந்தா வாய்க்குள்ள பூந்துரும். அதான்... அதான் ஒருத்தியும் கத்தல."

அவர் அழுதார். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் அழுதது.

பக்கத்தில் இருந்த ஒரே வீடு. பகலில் கரண்ட் இருக்காது என்று அவள் சத்தியம் செய்த வேலி. முதலில் வந்தவள் பின்னால் வருகிறவர்கள் குனிந்து நுழையட்டும் என்று கம்பியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.

மெரினா அரிசி மூட்டையைத் தள்ளினாள். அது வெடித்து அரிசி தரையெல்லாம் ஓடியது. மேசை கதவோடு இறுகிக்கொண்டு அசைய மறுத்தது. எவ்வளவு பலமாக வைத்திருக்கிறேன் பாவி, எவ்வளவு பலமாக! நகம் பிய்ந்தது. இழுத்தாள்.

"என்னைய மூடிட்டுப் போ" என்றார் வியாகுலம். "எனக்குத் தட்டிவிடக் கை காணாது."

கம்பளியை எடுத்து அவர் முகத்தின் மேல் போட்டாள். கம்பளிக்கு அடியில் அவர் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். தாழ்ப்பாளை விலக்கினாள்.

பனி வாசற்படி வரை வந்து நின்றது. குளிர். அதற்குள் கருகிய மயிர் வாசம்.

"அக்கா" என்றாள். "காளியாயிக்கா."

நடந்தாள். முகத்தில் ஒன்று கொட்டியது. கழுத்தில் ஒன்று. நடந்தாள்.

வேலியோரத்தில் ஐந்து பேர். ஒருத்தி கம்பியில் தொங்கினாள், இரண்டு பேர் முட்டி போட்டு அவள் மேல் சாய்ந்திருந்தார்கள், இரண்டு பேர் ஈர மண்ணில் கிடந்தார்கள். பிடித்த பிடியை ஒருத்தியும் விடவில்லை. இடுப்பில் கை, கையில் கை, படங்கின் முந்தியில் கை. கம்பியில் இருந்தவளின் படங்கு நழுவித் தோளில் கிடந்தது.

காளியாயி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. குளவிகள் அவள் நெற்றியில் ஏறின, இமையில் இறங்கின, உதட்டைத் தாண்டி உள்ளே போய், அவசரமில்லாமல் வெளியே வந்தன. ஒன்று திறந்த கண்ணின் மேலேயே நடந்தது. கண் இமைக்கவில்லை. அவள் மேல் சாய்ந்திருந்த வினோதாவின் கன்னத்தில் ஏழெட்டு, மண்ணில் கிடந்த ராக்காயியின் காதுக்குள் பாதி நுழைந்து ஒன்று.

ஐந்து பேருக்கும் பத்துக் கைகள் இருந்தன. குளவியைத் தட்டிவிட ஒரு கையும் எழவில்லை.