ஐஸ் பெட்டியில் ஐந்தாவது சத்தம்

வரட்.

ஒரே ஒரு தடவைதான். தகரத்தில் எதையோ மெதுவாக இழுத்த மாதிரி. செம்மொழி சுவரில் சாய்ந்திருந்த முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து அந்தப் பெட்டி போட்ட சத்தங்கள் எல்லாம் அவளுக்குப் பழகிவிட்டன. இது அவற்றில் சேராது.

மதியம் இரண்டரை மணி. கூடத்து நடுவில் ஐஸ் பெட்டி. அதற்குள் அவளுடைய மாமனார் கோவிந்தராசு. தலைமாட்டில் ஒரு விளக்கு, கால்மாட்டில் அவள். மற்றவர்கள் எல்லாரும் பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் பெரியம்மா சோறும் ரசமும் ஆக்கி, ஆண்களை முதலில், பெண்களை அடுத்து என்று கூட்டிப்போயிருந்தாள். பிணத்தைத் தனியாக விடவும் கூடாது. நான் இருக்கிறேன், நீங்கள் போங்கள் என்று சொன்னது செம்மொழிதான். அரை மணி நேரம் ஆள் முகம் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஊதுவத்திப் புகையும், பெட்டியின் கண்ணாடி மூடி மேல் குவிந்த ரோஜா மாலைகள் வாடுகிற வாசமும், அதற்கும் அடியில் ஆறு வருஷமாக இந்த வீட்டை விட்டுப் போகாத டெட்டால் வாடையும் ஒன்றாகக் கலந்து, வெயில் ஏறிய கான்கிரீட் கூரைக்குக் கீழே அசையாமல் நின்றன. சாப்பிட்ட ஆண்கள் பெரியம்மா வீட்டுத் திண்ணையிலேயே சாய்ந்துவிட்டதால், வாசல் பந்தலில் காலி நாற்காலிகள். அதற்கு அப்பால் இன்னும் தண்ணீர் வராத வாய்க்கால், குறுவைக்கு உழுது போட்ட வயல், கானல். கத்திரி வெயிலில் யார் நடமாடுவார்கள்?

வரட்.

சரி, கேட்டுவிடுவோம் என்று போனை எடுத்தாள். பெட்டியைக் காலை எட்டு மணிக்குக் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கியவன் குத்தாலத்துச் செழியன். கொள்ளி போட வேண்டிய ஒரே மகன், அவள் புருஷன் புகழேந்தி, சவூதியிலிருந்து வர வேண்டும். விமானம் நாளைக் காலைதான் திருச்சிக்கு வருகிறது. இந்த வெயிலுக்கு உடம்பு அதுவரை தாங்குமா? இப்போதெல்லாம் பாதி வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்; சாவு விழுந்தால் முதல் போன் பிள்ளைக்கு, இரண்டாவது போன் செழியனுக்கு.

செழியன் சிரித்தான். எல்லாரும் ராத்திரியில்தான் பயந்துபோய்க் கூப்பிடுவார்கள், நீங்கள் பட்டப்பகலில் கூப்பிடுகிறீர்களே என்றான். பிறகு பொறுமையாக, என்னென்ன சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னான். அவள் சொல்லச் சொல்ல அவன் காரணம் சொன்னான். அடியில் விடாமல் கேட்கிற உறுமல் மோட்டார். அவ்வப்போது டிக் என்பது, குளிர் போதும் என்று மெஷின் தானாக நிறுத்திக்கொள்வது. களக் களக் என்று தண்ணீர் ஓடுவது போல வருவது குழாயில் கேஸ் ஓடுவது. திடீரென்று நெறுக் என்றால், வெளியே இந்த வெயில், உள்ளே அந்தக் குளிர், தகரம் சுருங்காமல் என்ன செய்யும்? நாலும் சரியாகப் போயிற்று. ஐந்தாவதைச் சொன்னபோது அவன் கொஞ்சம் யோசித்தான்.

"உரசுதா? தரை சமமா இருக்காதுக்கா. நாலு காலுல ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்கும். அட்டை எதாச்சும் மடிச்சுச் சொருவுங்க."

"அதுக்கும் நிக்கலன்னா?"

"மெஷினுதானேக்கா. கரண்டு போனா எல்லாச் சத்தமும் நின்னுரும். மூடிய மட்டும் தொறந்துராதீங்க."

மாத்திரை டப்பா ஒன்றைக் கிழித்து மடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி முழங்காலில் ஊர்ந்தாள். தலைமாட்டில் இரண்டு கால், கால்மாட்டில் இரண்டு கால். நாலும் தரையில் அழுந்தப் பதிந்திருந்தன. அட்டை நுழைய நகத்தளவு இடம்கூட இல்லை. அவள் குனிந்திருக்கும்போதே, காதுக்கு ஒரு சாண் தூரத்தில், தகரத்துக்கு உள்பக்கமாக, அது மறுபடியும் கேட்டது.

வரட். வரட்.

அட்டை கையிலிருந்து விழுந்தது. செம்மொழி பின்னால் நகர்ந்து சுவரை ஒட்டிக்கொண்டாள். பயம் என்றால் இது பேய்ப் பயம் இல்லை. பேயாக இருந்தால் எவ்வளவோ தேவலை என்று நினைத்தாள். அவள் பயந்தது வேறு ஒன்றுக்கு. காலையில் நடந்தது ஒன்று உண்டு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கவாதம் வந்து ஒரு பக்கமும் பேச்சும் போய், ஆறு வருஷம் அவர் கட்டிலில் கிடந்தார். புரட்டிப் போட்டதும், புண்ணைக் கழுவியதும், கஞ்சி ஊட்டியதும், பீத்துணி அலசியதும் அவள்தான். தெருவில் யாருக்கு மூச்சு முட்டினாலும் ஆஸ்பத்திரிக்கு முன்னால் செம்மொழியைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் காலை ஆறரைக்கு அவள் வாசலுக்கு வந்து, மாமா போய்விட்டார் என்று சொன்னபோது ஒருத்தரும் டாக்டரைத் தேடவில்லை. செம்மொழி சொன்னால் டாக்டர் சொன்ன மாதிரி என்று பொன்னுத்தாய் பெரியம்மாதான் சொன்னாள். அவ்வளவுதான், பந்தல்காரனுக்கு ஆள் போயிற்று.

அவள் புறங்கையை மூக்கில் வைத்துப் பார்த்தது நிஜம். காற்று வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்ததும் நிஜம். துடிப்பு இல்லை. ஆனால் எவ்வளவு நேரம் பிடித்தாள்? குளிப்பாட்ட உடுப்பைக் கழற்றும்போது அக்குளில் கை பட்டது. சூடாக இருந்தது. ஏழே கால் மணிக்கும் சூடாகவே இருந்தது. மே மாசத்தில் எந்த உடம்புதான் சூடாக இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏனென்றால் அதற்குள் அவள் மனசு அப்பாடா என்று சொல்லிவிட்டது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக முதுகு நிமிர்ந்தது மாதிரி இருந்தது. அந்த நிமிர்வை விட மனசில்லாமல், தாடையை இழுத்துக் கட்டினாள். மூக்கில் பஞ்சு வைத்தாள். இரண்டு கைக் கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணியால் முடிந்தாள். எல்லாம் அவள் கையாலேயே.

டிக்.

சே, அது மெஷின்.

களக் களக். அதுவும் மெஷின். அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மின்விசிறி சுற்றியது. விளக்குத் திரி ஆடியது. அடுத்த வீட்டிலிருந்து பந்தியில் யாரோ ரசம் கேட்பது லேசாகக் காதில் விழுந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை. கூப்பிடு தூரத்தில்தான் எல்லாரும் இருக்கிறார்கள், நாம் ஒரு பைத்தியக்காரி என்று அவள் நினைத்த அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று.

மின்விசிறி மெதுவாகி நின்றது. பெட்டி ஒரு தடவை குலுங்கி அடங்கியது. உறுமல் இல்லை. களக் இல்லை. டிக் இல்லை.

வீடு முழுக்க அமைதி.

செம்மொழி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வரட்.

நிற்கவில்லை.

வரட். வரட்.

இப்போது அதை மறைக்க வேறு சத்தம் இல்லை. அது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. அது முதல் தடவை கேட்டபோதே தெரியும். வாய் போன மனுஷன், தண்ணீர் வேண்டுமென்றால், மூத்திரம் நனைத்துவிட்டால், வலித்தால், நல்ல கையின் ஆள்காட்டி விரல் நகத்தால் இரும்புக் கட்டில் குழாயைச் சுரண்டிக் கூப்பிடுவார். ஆறு வருஷம். அந்தச் சத்தத்துக்கு எழுந்து எழுந்து அவள் தூக்கமே செத்துப்போயிற்று.

எழுந்தாள். கண்ணாடி மேல் இருந்த மாலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

முகம் அப்படியேதான் இருந்தது. மூடிய கண். பஞ்சு. நெற்றியில் காசு. கட்டைவிரல் கட்டு அவிழ்ந்து நெஞ்சு மேல் கிடந்தது. நல்ல கையான இடது கை நெஞ்சில் இல்லை. பக்கவாட்டில் சரிந்து, தகரச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் அசையவில்லை.

"மாமா," என்றாள்.

விரல் மடங்கியது. இழுத்தது.

வரட், வரட், வரட்.

மூடிக்கு நாலு கொக்கி. முதல் கொக்கியில் கை வைத்துத் தூக்கினாள். சுலபமாக வந்தது. குளிர்ந்த காற்று ஒரு நூல் மாதிரி வெளியே வந்து மணிக்கட்டில் பட்டது. இன்னும் மூன்றுதான். ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள்.

ஓடி வருவார்கள். வந்து? உசுரோட பெட்டியில வச்சுட்டாளே என்பார்கள். விமானத்துக்குக் காத்திருந்து அழுதுகொண்டிருக்கிற புகழேந்திக்குப் போன் போகும். பிறகு எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கட்டில் மறுபடியும் உள்ளே வரும். மறுபடியும் கஞ்சி. புண். பீத்துணி. எத்தனை வருஷம்?

பக்கத்து வீட்டு வாசலில் பெண்கள் கை கழுவுகிற சத்தம். செருப்புச் சத்தம். வருகிறார்கள்.

கொக்கியை அமுக்கினாள். அவள் கைதான் அமுக்கியது. மாலைகளை இழுத்து மூடினாள்.

கரண்டு வந்தது. பெட்டி உறுமியது. பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பொன்னுத்தாய் பெரியம்மா உட்காரவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி தலையைச் சாய்த்தாள்.

"என்னடி அது சத்தம்?"

"தகரம், பெரியம்மா. குளுருக்குச் சுருங்குதாம். செழியன் சொன்னான்."

"இல்லடி. உள்ள என்னமோ பெராண்டுதே."

அவள் கை மாலையை நோக்கிப் போனது. அதற்குள் செம்மொழி பெட்டி மேல் விழுந்தாள். முழு உடம்போடு விழுந்து, இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா என்று ஓலமிட்டாள். சுற்றியிருந்த பெண்கள் சட்டென்று வளைத்து உட்கார்ந்து, தோளோடு தோள் பிடித்து அவளோடு சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பெரியம்மாவும் மாலையை விட்டுவிட்டு அவள் முதுகைத் தடவினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அழுவட்டும், விடுங்க. பெத்த மவ மாதிரி பாத்தவ."

செம்மொழி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பெட்டியில் அடித்தாள். அவள் வயிற்றுக்கு நேர் கீழே, தகரத்துக்கு அந்தப் பக்கம், அது விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருத்தியாகக் களைத்து, மூக்கைச் சிந்தி, குரலைத் தாழ்த்தினார்கள். தண்ணீர் குடிம்மா என்று யாரோ சொம்பை நீட்டினார்கள். மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாலும் எல்லாருக்கும் கேட்டுவிடும். விமானம் வர இன்னும் பதினைந்து மணி நேரம் இருந்தது. அவள் நிறுத்தவில்லை.