எட்டு மணிக்கு ஓய்ந்த விரல்

2008 ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த ராஜத்தின் துப்பறியும் அலுவலகத்துக்கு அமிர்தவல்லி மூச்சு வாங்க ஏறி வந்தாள். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா, ஏற்கெனவே கல்யாணமானவரா என்று விசாரிக்கச் சொல்வார்கள். இவள் மேசைமேல் வைத்ததோ ஒரு பருத்தி ஏணையும் நான்கு தாள்களும்.

மாமல்லபுரத்தில் அவளுக்கு ஏணைக் கடை. குழந்தையைப் போட்டு ஆட்டும் துணித் தொட்டில் அது. தெற்கத்தியார் தூளி என்பார்கள். பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் ஃபிளாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்காக இணையத்திலும் கடை போட்டு, ஏணை என்று தேடினால் முதல் பக்கத்தில் தெரியும்படி காசு கட்டி விளம்பரம் வைத்திருந்தாள். ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு போகும். தினமும் ஒரு வரம்பு உண்டு. அது தீர்ந்தால் அன்றைக்கு விளம்பரம் மறைந்துவிடும்.

ஒரு மாதமாக யாரோ ஒன்றும் வாங்காமல் சொடுக்கிக்கொண்டே இருக்க, வரம்பு மதியத்துக்குள் தீர்ந்துபோகிறது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து தேடுகிறவர்களுக்குக் கடை கண்ணிலேயே படுவதில்லை. கடை இடமோ இறந்துபோன கணவரின் அண்ணன் பக்தவத்சலத்துடையது. மாதக் கடைசிக்குள் முப்பது ஆர்டர் வராவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும், ஒரு ஓட்டல்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவர் கெடு வைத்துவிட்டார்.

"ஆளாளுக்கு மூடிட்டுப் போன்னு சொல்றாங்க. நான் போவ மாட்டேன்," என்றாள் அமிர்தவல்லி. "எவன் அமுக்கினு கீறான்னு மட்டும் காட்டுங்க மேடம். மீதிய நான் பாத்துக்கறேன்."

ராஜம் முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவர், எதற்கும் அவசரப்படமாட்டார். அவருடைய உதவியாளர் ஜெபகுமாரோ முன்பு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியவர், எல்லாவற்றுக்கும் அவசரம். ஒரே ஆள் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் புது ஆள் மாதிரி தெரியும் என்று விளக்கிவிட்டு, எதிர்க்கடை ஜானகிராமன்தான் குற்றவாளி என்று அப்போதே தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஜானகிராமனும் இணையத்தில் ஏணை விற்கிறாராம். வேறென்ன சாட்சி வேண்டும் என்பது ஜெபகுமாரின் கட்சி.

ராஜம் பென்சிலோடு தாள்களைப் பார்த்தார். எந்த மணியில் எத்தனை சொடுக்கு என்று அதில் இருந்தது. தினமும் காலை ஆறுக்குத் தொடங்கி எட்டுக்குச் சட்டென்று நின்றுவிடுகிறது. பத்துக்கு மறுபடி தொடங்கி வரம்பைத் தின்று தீர்க்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் எட்டுக்கு நின்றது நின்றதுதான். வந்த கொஞ்ச ஆர்டரும் அந்த நாட்களின் சாயங்காலத்தில்தான் வந்திருந்தது.

மறுநாள் செவ்வாய். ராஜமும் ஜெபகுமாரும் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை; தெருவில் மின்சாரம் இல்லை. ஊருக்கு ஊர் நேரம் பிரித்து இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம் அது. தினமும் பத்திலிருந்து பன்னிரண்டுவரை கம்ப்யூட்டரும் செத்தது, நானும் செத்தேன் என்று ஜானகிராமன் செய்தித்தாளால் விசிறிக்கொண்டே புலம்பினார். விளம்பரத்தை அமைத்துக் கொடுத்த கேளம்பாக்கத்துப் பார்த்திபனை ராஜம் போனில் விசாரித்தார். அங்கே வெட்டு மதியம் பன்னிரண்டுக்கு.

அமிர்தவல்லியின் கடையில் பக்தவத்சலம் நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தார். செய்யூரில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்தக் கடை, வைத்திருப்பவர்.

"எங்கூர்ல எட்டு மணிக்கே கரண்ட்ட புடுங்கிட்டான். அதான் பஸ்ஸ புட்ச்சி வந்துட்டேன். செவ்வா, வெள்ளி இங்கதான்," என்றார். கம்ப்யூட்டர் பற்றி ஜெபகுமார் கேட்டதற்கு, மண்டியில் ஒன்று இருக்கிறது, விலை பார்க்க வாங்கியது, தான் அதைத் தொட்டதே இல்லை என்று கையை உதறினார்.

ராஜம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். விளம்பரத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்யப்போகிறேன், என்னவென்று வெள்ளிக்கிழமைவரை கேட்காதே என்று அமிர்தவல்லியிடம் அனுமதி வாங்கிக்கொண்டார். மாற்றத்தைப் பார்த்திபனுக்கு மட்டும் சொன்னார்.

வெள்ளி பத்தரைக்கு எல்லோரையும் கடையில் கூட்டினார். ஜானகிராமன் முறைப்போடு வந்தார். பார்த்திபன் கையில் சில தாள்கள். வேர்வையில் நனைந்த பக்தவத்சலத்துக்குப் பொறுமையே இல்லை.

"பத்தொம்பது ஆர்டருக்கு இத்தினி பேரா?" என்று அமிர்தவல்லியைப் பார்த்துச் சிரித்தார். "ஒத்த ஏணையே போணியாவல. இதுல ரெட்டப் புள்ளைக்கு ஏணையாம்."

அமிர்தவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெட்டப் புள்ளைக்கா? நான் தைக்கறதே இல்லியே மாமா."

"தைக்கிறதில்லைதான்," என்றார் ராஜம் நிதானமாக. "இரட்டைக் குழந்தைகளுக்கு ஒரே ஏணை என்று நான்தான் எழுதச் சொன்னேன். இன்று காலை ஆறிலிருந்து எட்டுவரை மட்டும், அதுவும் விளம்பரத்தில் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டரையே தொடாத நீங்கள் அதை எங்கே படித்தீர்கள்?"

மீதியை ராஜமே சொன்னார். அந்த விரல் எட்டுக்கு நின்று பத்துக்குத் தொடங்குகிறது. மூன்று ஊரில் அந்த நேரம் மின்சாரம் இல்லாதது செய்யூரில் மட்டும்தான். ஜானகிராமனுக்குச் சொடுக்கு மறுபடி தொடங்கும் பத்து மணிக்குத்தான் கம்ப்யூட்டரே சாகிறது. பார்த்திபனுக்கு எட்டு மணிக்கு நிறுத்தக் காரணமே இல்லை. செவ்வாயும் வெள்ளியும் பத்துக்குமேல் ஏன் தொடங்கவில்லை என்றால், அந்த நாட்களில் விரலுக்குச் சொந்தக்காரர் இதே நாற்காலியில் இருக்கிறார். ஜானகிராமன் ஜெபகுமாரை ஒரு பார்வை பார்த்தார். ஜெபகுமார் கூரையைப் பார்த்தார்.

பக்தவத்சலம் மறுக்கவில்லை. "ஆமா, நான்தான் அமுக்கினேன். என் எடம். இன்னும் ஏழு நாளு கீது. மிச்சம் பதினொண்ணு வந்துடுமா?"

"இனி சாயங்காலத்தில் மட்டும் விளம்பரம் ஓடும்," என்றார் ராஜம்.

பார்த்திபன் தயங்கிக்கொண்டே ஒரு தாளை நீட்டினான். காலையில் அறுபத்திரண்டு சொடுக்கு. அதில் ஒன்று நிஜம். சிங்கப்பூரில் ஒரு பெண், இரட்டைக் குழந்தைக்காரி, பணமே கட்டிவிட்டாள். பொறிக்காகப் போட்ட பொய்க்கு நிஜ ஆர்டர் வரும் என்று ராஜம் எதிர்பார்க்கவில்லை. அவருக்கே கூச்சமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார்.

"எதுக்கு மேடம் திருப்பணும்?" அமிர்தவல்லி அலமாரியிலிருந்து அகலத் துணியை உருவி எடுத்துத் தரையில் உதறி விரித்தாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள். பார்த்திபனைப் பார்த்து, அந்த ரெட்டை ஏணை விளம்பரத்தை மறுபடி போடச் சொன்னாள். பிறகு துணியின் மறுமுனையைக் காட்டினாள்.

"மாமா, இருவதாச்சி. சும்மா குந்தினு இல்லாம அந்த மொனைய கெட்டியா புடிங்க. வெட்டணும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்தவத்சலம் எழுந்து வந்து, குனிந்து பிடித்தார்.