மூன்றாவது வரி

திரையில் இரண்டு வரிகள்தான் வந்திருக்க வேண்டும். மூன்று இருந்தன.

முதல் வரி பழைய விண்டோஸ். இரண்டாவது லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளம், திங்கட்கிழமை சேரப்போகும் வேலைக்காகச் சிவபிரசாத் இப்போதுதான் அதே கணினியில் பக்கத்தில் ஏற்றியது. எதைத் திறக்கட்டும் என்று கணினி கேட்கும் அந்தப் பட்டியலின் மூன்றாவது வரியில் அவன் பெயரே இருந்தது. அப்படி எதையும் அவன் ஏற்றவில்லை.

ஆயுத பூஜை மத்தியானம். சிதம்பரம் கீழவீதியின் மாடி வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை போக வழியில்லாமல் சுற்றியது, வெளியே மழை கட்டி இருட்டியது, கணினியின் விசிறி மட்டும் சன்னமாக இரைந்துகொண்டிருந்தது. கடலூரிலிருந்து தங்கை காயத்ரி காலையில் வந்து, திரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சாத்திவிட்டுப் போயிருந்தாள்.

போன ஆடியில் இறந்த அவன் மனைவி லலிதாம்பிகையின் குரல் இந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று, "படம் புடிச்சது போதும், இங்க வாங்க" என்று அவள் சிரித்த பதினொரு விநாடி வீடியோ. புதிதாக ஏற்றியதில் அது அழிந்திருந்தால்?

காயத்ரிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னான்.

"எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டுதான செஞ்ச?"

"இல்ல. காப்பி எடுக்குற ஹார்ட் டிஸ்க்க நீ சாமிகிட்ட வச்சிட்ட. பூஜைல வச்சத நாளைக்குத்தான எடுக்கணும்?"

"அப்ப கம்ப்யூட்டர மட்டும் தொடலாமாண்ணே?"

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

போனை வைத்ததும் திரையின் மூலையில் எண்கள் இறங்கத் தொடங்கின. பத்து. ஒன்பது. பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினான். எதற்கும் கணினி அசையவில்லை. வரியைத் தேர்ந்து காட்டும் வெளிச்சப் பட்டை தானாக நகர்ந்தது. அவன் பெயரில் நின்றது.

பிளக்கைப் பிடுங்கினான். விசிறி நின்றது. திரை கறுத்தது.

கறுப்பில் அவன் முகம் தெரிந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். இரு பக்கமும் சாமந்தி. சுவரில் மாட்டியிருந்த லலிதாம்பிகையின் படம் போலவே.

சட்டென்று விலகினான்.

முகம் விலகவில்லை.

கதவுப் பக்கம் திரும்பினான்.

"படம் புடிச்சது போதும்," என்றது ஸ்பீக்கர். "இங்க வாங்க."

முகத்துக்குக் கீழே வெள்ளை எழுத்துகள். தோற்றம்: அவன் பிறந்த தேதி. மறைவு: அதற்கு எதிரே, ஒவ்வோர் எண்ணாக, இன்றைய தேதி.