சிக்கடீயின் அழைப்பு

காலையில் கட்டிடம் பரஞ்சோதியின் நாடியைப் பார்த்து, "நலமாயிருக்கிறார்" என்று மாடியிலுள்ள எல்லா வீடுகளுக்கும் அறிவித்தது. டொரண்டோவின் தானியங்கிக் குடியிருப்புகளில் அதுதான் வழக்கம். அதனால் யாரும் நேரில் வந்து விசாரிக்கத் தேவையில்லாமல் போயிற்று. மனைவி இறந்தபிறகு அவர் வாசற்படியை ஒரு மனிதரும் மிதிக்கவில்லை.

பேச்சுத்துணை என்று இருந்தது பால்கனிக்கு வரும் குருவிதான். கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், தாடைக்குக் கீழே மறுபடி கறுப்பு. "சிக்கடீ. வட அமெரிக்காவில் சாதாரணமாகக் காணப்படும் பறவை," என்றது காதுக்குள் பதித்த செவிச்சில்லு. அவரைக் கண்டால் போதும், "சிக்-அ-டீ-டீ" என்று தொடங்கிவிடும். கிட்டப் போகப் போக டீக்கள் கூடும். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

"அதுக்கு என்னைத் தெரியும். வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிடுது," என்று வாசற்கதவில் பதித்த காணொளித் திரையில், அந்தக் கதவுத்திரையில், தோன்றிய பக்கத்து வீட்டுத் தேவகாந்தனிடம் பெருமையடித்தார்.

ஆசை யாரை விட்டது? பறவைமொழி பெயர்க்கும் வசதியையும் சில்லில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் குருவி கத்தியதும் சில்லு சொன்னது: "எதிரி வந்துவிட்டான். டீ கூடினால் ஆபத்தும் கூடுதல். எல்லோரும் வாருங்கள், சேர்ந்து விரட்டுவோம்."

பரஞ்சோதிக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தார். அந்த அழைப்புக்கு மற்றச் சிக்கடீக்கள் மட்டுமல்ல, வேறு இனக் குருவிகளும் பறந்து வந்தன. ஆபத்து என்றால் அயல் கூடும் போலிருக்கிறதே! உள்ளே போய்ச் சுவரிலிருந்த அபாயப் பொத்தானை அழுத்தினார். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் போடத் தண்ணீரும் வைத்தார்.

ஆபத்து என்றதும் மாடியிலிருந்த கதவுகளெல்லாம் பாதுகாப்புக்காகத் தாமாகவே வரிசையாகப் பூட்டிக்கொண்டன. கதவுத்திரையில் முகங்கள் நிறைந்தன. ஒருவர் படம்பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. நாங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம்," என்றார் தேவகாந்தன்.

"ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன் தம்பி."

"கதவு பூட்டிட்டுதே அண்ணை. கும்பிடுற கை போட்டிருக்கிறன், பாத்தனீங்களோ?"

கூப்பிய கைகளும் இதயங்களும் திரை முழுக்க மிதந்தன. நாடி சீராக இருக்கிறது என்று கட்டிடம் அறிவித்ததும் முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

பரஞ்சோதி தேத்தண்ணீரோடு பால்கனிக்குப் போய், வேண்டுமென்றே குருவிக்கு மிக அருகில் கதிரையை இழுத்துப் போட்டார். டீ-டீ-டீ-டீ என்று அது அலறியது. மரங்களிலிருந்து குருவிகள் கூட்டமாக வந்து கம்பியில் அமர்ந்து அவரைத் திட்டித் தீர்த்தன.

"உங்களை விரட்டுகின்றன," என்று எச்சரித்தது சில்லு.

"விரட்டட்டும்," என்றார். கண் கலங்கியிருந்தது. "நேரில வந்தெல்லே விரட்டுதுகள்."